பாதி டம்ளர் தண்ணீரும் ஒரு பையனின் கேள்வியும்

கேள்வி: குளச்சல் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். எட்டாம் வகுப்பில் ‘விசையும் அழுத்தமும்’ பாடத்துக்காக டம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றி, அட்டையால் மூடிக் கவிழ்த்துக் காட்டினேன். அட்டை விழவில்லை, பிள்ளைகள் கைதட்டினார்கள். வெளியே உள்ள காற்று கீழிருந்து அமுக்கித் தாங்குகிறது என்றேன். உடனே ஒரு பையன் எழுந்து வந்து பாதித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அதே அட்டையை வைத்துக் கவிழ்த்தான். அப்போதும் விழவில்லை. “டீச்சர், இப்ப உள்ளயும் காத்து இருக்குல்லா? அதும் கீழ அமுக்கும்லா? பின்ன அட்ட எப்பிடி நிக்கி?” என்று கேட்டான். மணி அடித்ததால் தப்பித்தேன். அவனுக்கு என்ன பதில் சொல்வது? அடுத்த மாதம் பள்ளியைப் பார்வையிட அதிகாரி வருகிறார். இதை விட்டுவிட்டு வேறு ஏதாவது காட்டலாமா? – ஓர் ஆசிரியை

பதில்:

டீச்சர், முதலில் ஒன்று. பையன் கேட்டது சரியான கேள்வி. நாம் சொல்லிக்கொடுக்கும் விளக்கம்தான் பாதியில் நிற்கிறது. நாகர்கோவிலில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் முப்பது வருஷம் இருந்தவன் நான். இதே டம்ளரைக் கரும்பலகையில் வரைந்து, கீழிருந்து மேலே ஓர் அம்புக்குறி போட்டு, கையைத் தட்டிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போயிருக்கிறேன். பாதித் தண்ணீரைக் கொட்டிவிட்டு யாரும் என் முன்னால் நீட்டவில்லை, அதனால் பிழைத்தேன்.

கணக்கைப் பார்ப்போம். கடல் மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டரைக் காற்று அமுக்கும் விசை ஏறக்குறைய ஒரு கிலோ எடைக்குச் சமம், துல்லியமாக 1.03. டம்ளரின் வாய் 7 சென்டிமீட்டர் அகலம் என்றால் பரப்பு 38 சதுர சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஆக அட்டையைக் கீழிருந்து தள்ளுவது சுமார் 40 கிலோ. இதைச் சொன்னதும் வகுப்பு வாயைப் பிளக்கும். ஆனால் இங்கேயே ஒரு சிக்கல் இருக்கிறது. டம்ளரில் இருக்கும் தண்ணீர் பாதி என்றால் 200 கிராம்கூட வராது. 200 கிராமைத் தாங்க 40 கிலோ எதற்கு? மிச்சம் எங்கே போகிறது? மிச்சம் எங்கேயும் போகவில்லை. உள்ளேயிருந்தும் கிட்டத்தட்ட அதே 40 கிலோ கீழ்நோக்கி அமுக்குகிறது. உங்கள் பையன் பிடித்த இடம் இதுதான். இரண்டுக்கும் நடுவே அந்த 200 கிராம் அளவுக்கு ஒரு சின்ன வித்தியாசம் இருந்தால் போதும், அட்டை நிற்கும். அந்த வித்தியாசம் எப்படி வருகிறது என்பதுதான் நீங்கள் அவனுக்குச் சொல்ல வேண்டிய பதில்.

டம்ளரில் 5 சென்டிமீட்டர் தண்ணீர், அதற்கு மேலே 5 சென்டிமீட்டர் காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மூடும்போது உள்ளே சிறைப்பட்ட காற்றின் அழுத்தமும் வெளிக்காற்றின் அழுத்தமும் ஒன்றுதான். கவிழ்த்துக் கையை மெல்ல எடுக்கிறீர்கள். அந்த நொடியில் தண்ணீர் தன் கனத்தால் ஒரு துளி இறங்கப் பார்க்கிறது. அட்டை நடுவில் லேசாகத் தொய்கிறது, ஓரத்தில் சில சொட்டு வழிகிறது. தண்ணீர் இறங்கிய அளவுக்கு மேலே உள்ள காற்றுக்கு இடம் கூடுகிறது. இடம் கூடினால் காற்றின் அழுத்தம் குறையும். நம் வெளிக்காற்று முழுதும் சேர்ந்து 10.3 மீட்டர் உயரத் தண்ணீரின் கனத்துக்குச் சமம். 5 சென்டிமீட்டர் தண்ணீர் அதில் இருநூறில் ஒரு பங்கு. எனவே உள்ளே உள்ள காற்றும் இருநூறில் ஒரு பங்கு தளர்ந்தால் போதும். 5 சென்டிமீட்டரில் இருநூறில் ஒன்று என்றால் கால் மில்லிமீட்டர்! ஒரு தடித்த தாளின் தடிமன். பருமனாகப் பார்த்தால் மொத்தமே ஒரு மில்லி தண்ணீர்தான் இடம் மாறுகிறது.

கவிழ்த்ததும் விரலிடுக்கில் நாலைந்து சொட்டு வழிந்திருக்குமே, கவனித்தீர்களா? நாம் எல்லோரும் அதைக் கை நடுங்கிச் சிந்தியது என்று நினைத்துத் துடைத்துவிடுகிறோம். பையனின் கேள்விக்கான பதில் அந்தச் சொட்டில்தான் இருக்கிறது.

காற்று தளர்ந்தால் அழுத்தம் குறையும் என்பதைப் பிள்ளைகள் நம்ப வேண்டுமே. அதற்கு மருந்துக் கடையில் கிடைக்கும் 10 மில்லி சிரிஞ்சு போதும், ஊசி வேண்டாம். உலக்கையைப் பாதி வரை இழுத்துவிட்டு, முனையை விரலால் அடைத்து, இன்னும் இழுக்கச் சொல்லுங்கள். இழுக்க இழுக்கக் கனக்கும். விட்டால் சட்டென்று உள்ளே ஓடும். “உள்ளே இருப்பது இழுக்குது சார்” என்று பிள்ளைகள் சொல்வார்கள். காற்றுக்கு இழுக்கத் தெரியாது, தள்ளத்தான் தெரியும். உள்ளே தள்ளுவது இளைத்துவிட்டது, வெளியே தள்ளுவது அப்படியே இருக்கிறது. இந்த ஒரு வரி பதிந்துவிட்டால் பாடத்தில் முக்கால்வாசி முடிந்த மாதிரி. அந்தச் சிரிஞ்சில் எவ்வளவு பலமாக இழுத்தாலும் வெளிக்காற்று எதிர்த்து நிற்பது சுமார் 2 கிலோவுக்கு மேல் போகாது. சுருள்வில் தராசு இருந்தால் மாட்டிப் பாருங்கள்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. வேறு சோதனைக்கு ஓட வேண்டாம். இதே டம்ளரில் ஒரு துளை போடுங்கள்.

கொஞ்சம் கனமான பிளாஸ்டிக் டம்ளராக வாங்குங்கள். பந்தியில் வைக்கும் மெல்லிய கப் வேண்டாம், அது பிடித்த இடத்தில் அமுங்கிக் கணக்கைக் கெடுக்கும். ஒரு கம்பியைச் சூடாக்கி டம்ளரின் அடியில் தீக்குச்சி நுழையும் அளவுக்கு ஓட்டை போடுங்கள். அந்த ஓட்டையை விரலால் அடைத்துக்கொண்டு தண்ணீர் நிரப்பி, அட்டை வைத்துக் கவிழ்க்கவும். அட்டை நிற்கும். விரலை எடுங்கள். தொப்பென்று விழும். அட்டை அதே அட்டை, தண்ணீர் அதே தண்ணீர், கீழிருந்து தள்ளும் காற்றும் அதேதான். மாறியது மேலே மட்டும். வெளிக்காற்று மேலேயும் நுழைந்து சமமாகிவிட்டது, தண்ணீரின் கனம் ஜெயித்துவிட்டது. துளை இல்லாத டம்ளர் வெறும் வேடிக்கை. துளை உள்ள டம்ளர்தான் சோதனை, ஏனென்றால் ஒன்றே ஒன்றை மாற்றி என்ன ஆகிறது என்று பார்க்க அது இடம் கொடுக்கிறது.

குண்டூசியால் குத்திவிட்டு “சார், விரலை எடுத்தும் விழவில்லை” என்று எனக்கு எழுதாதீர்கள். அவ்வளவு சின்னத் துளையில் தண்ணீரின் மேற்பரப்பு ஒரு தோல் மாதிரி நின்று காற்றை உள்ளே விடாது. பரப்பு இழுவிசையின் வேலை அது. டம்ளரின் விளிம்புக்கும் அட்டைக்கும் இடையே உள்ள கால் மில்லிமீட்டர் இடைவெளியையும் அதே தோல்தான் அடைத்து நிற்கிறது. சில பிள்ளைகள் “தண்ணி பசை மாதிரி ஒட்டிப் பிடிச்சிருக்கு” என்பார்கள். முழுக்கத் தப்பு என்று தள்ளிவிடாதீர்கள். கனத்தைச் சுமப்பது காற்றழுத்தம், ஓரத்தில் காவல் நிற்பது பரப்பு இழுவிசை. காவல் போய்விட்டால் சுமக்கிறவன் தனியாக ஒன்றும் செய்ய முடியாது. இதைக் காட்ட டம்ளர் வாயில் கொசுவலைத் துண்டை இறுக்கிக் கட்டி, அதன் மேல் அட்டை வைத்துக் கவிழ்த்து, அட்டையை மெதுவாகப் பக்கவாட்டில் உருவுங்கள். தண்ணீர் வலையில் நிற்கும். டம்ளரைக் கொஞ்சம் சாய்த்தால் கொட்டும். அதிகாரி வரும் அன்று முதல்முறையாக இதைச் செய்ய வேண்டாம்.

அட்டைக்குப் பழைய கல்யாணப் பத்திரிகையைவிடச் சிறந்தது எதுவும் இல்லை. வழவழப்பு, விறைப்பு இரண்டும் இருக்கும், சீக்கிரம் ஊறாது. பழைய எக்ஸ்ரே பிலிமும் நல்லது. டம்ளரின் விளிம்பில் ஓட்டை உடைசல் இருக்கக் கூடாது.

பையன் அதோடு விடமாட்டான் என்று தோன்றுகிறது. விடவில்லை என்றால், ஒன்றரை இஞ்சு பிவிசி பைப் ஒரு மீட்டர் வாங்கி ஒரு முனைக்கு மூடி ஒட்டிக் கொடுங்கள். விளிம்பு வரை நிரப்பிக் கவிழ்த்தால் அட்டை தாங்கும். பாதி மட்டும் நிரப்பினால்? 50 சென்டிமீட்டர் தண்ணீர், 50 சென்டிமீட்டர் காற்று. கணக்குப்படி தண்ணீர் 24 மில்லிமீட்டர் இறங்கினால்தான் உள்ளே உள்ள காற்று போதிய அளவு தளரும். எந்தக் கல்யாணப் பத்திரிகையும் அவ்வளவு தொய்யாது, கையை எடுத்ததும் பிய்த்துக்கொண்டு போகும். நிறைந்த பைப்பில் நிற்பதும் பாதிப் பைப்பில் விழுவதும் ஏன் என்பதை அவனையே கணக்குப் போடச் சொல்லுங்கள். கவிழ்க்கும் முன் பதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அப்புறம் கவிழ்த்துப் பார்க்கட்டும்.

சரி, இதெல்லாம் பள்ளிக்கூடத்து விளையாட்டு என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. எண்ணெய் டின்னில் கடைக்காரர் ஏன் எதிரெதிராக இரண்டு துளை போடுகிறார் என்று கேளுங்கள். ஒரு துளை போட்ட டின் குடுக் குடுக்கென்று இருமும், இரண்டாவது துளை விழுந்ததும் ஒழுங்காக ஊற்றும். உங்கள் டம்ளரில் விரலை எடுப்பதும் அதுவும் ஒன்றுதான்.

அடுத்து கிணற்று மோட்டார். நம் ஊரில் ஆழக் கிணறு உள்ள பழைய தோட்டங்களில் கிணற்றின் உள்சுவரில் பாதியில் ஒரு மேடை கட்டி மோட்டாரை அங்கே இறக்கி வைத்திருப்பதைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். கரையில் வசதியாக வைக்காமல் ஏன் அந்தரத்தில்? ஏனென்றால் மோட்டார் தண்ணீரை இழுப்பதில்லை. அது குழாய்க்குள் காற்றை இளைக்க வைக்கிறது, அவ்வளவுதான். கிணற்றுத் தண்ணீரின் மேல் உட்கார்ந்திருக்கும் வெளிக்காற்று தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளி ஏற்றுகிறது. வெளிக்காற்றால் தள்ள முடிந்தது கணக்குப்படி 10.3 மீட்டர், கிட்டத்தட்ட 34 அடி. குழாயின் உரசல், கசிவு எல்லாம் போக நடைமுறையில் 25 அடி வந்தாலே பெரிது. அதற்கு மேல் எத்தனை குதிரைத்திறன் மோட்டார் போட்டாலும் வெளிக்காற்றைக் கூடுதலாகத் தள்ளச் சொல்ல முடியாதே! அதனால்தான் மோட்டார் தண்ணீரை நோக்கி இறங்குகிறது. மோட்டார் ‘ஏர் பிடித்துவிட்டது’ என்று மேலே தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்கும் அப்பாக்களைப் பிள்ளைகள் வீட்டிலேயே பார்த்திருப்பார்கள். குழாயின் அடிமுனையில் தண்ணீரைத் திரும்பிப் போகவிடாமல் தடுக்கும் ஃபுட்வால்வு கசிந்து குழாய்க்குள் காற்று புகுந்தால் துளை போட்ட டம்ளர் கதைதான்.

இந்த 34 அடி எல்லையை இத்தாலியில் கிணறு இறைத்தவர்கள் முன்பே தெரிந்துவைத்திருந்தார்கள். கலிலியோ 1638-இல் வெளிவந்த தம் நூலில் இதைக் குறிப்பிடுகிறார், ஆனால் காரணத்தை அவர் சரியாகப் பிடிக்கவில்லை. தண்ணீர்த் தூண் தன் கனம் தாங்காமல் கயிறு போல அறுந்துவிடுகிறது என்று நினைத்தார். அவருடைய கடைசி நாட்களில் உடனிருந்த டாரிசெல்லிதான் 34 அடிக் குழாயோடு மல்லுக்கட்டுவதற்குப் பதில் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனமான பாதரசத்தை எடுத்தார். 10.3 மீட்டர் 76 சென்டிமீட்டராகச் சுருங்கி மேசைக்கு வந்துவிட்டது. அது 1643-இல். நாம் காற்றுக் கடலின் அடியில் வாழ்கிறோம் என்று அடுத்த வருஷம் ஒரு கடிதத்தில் எழுதினார். குளச்சல் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான உவமை கிடைக்காது. சிப்பி எடுக்க முங்கும் அப்பாவோ மாமாவோ இருந்தால் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பத்து மீட்டர் முங்கினால் தலைக்கு மேல் இன்னொரு வானத்தைச் சுமப்பது போல, அழுத்தம் இரட்டிப்பாகிறது. காது முதலில் சொல்லும். பாதரசத்தை மட்டும் வகுப்புக்குள் கொண்டுவராதீர்கள், அதன் ஆவி விஷம்.

தட்டில் தண்ணீர் ஊற்றி, மெழுகுவத்தி கொளுத்தி, டம்ளரால் மூடும் சோதனையையும் பல பள்ளிகளில் காற்றழுத்தத்துக்குக் காட்டுகிறார்கள். தண்ணீர் ஏறுவது உண்மை. ஆனால் ‘ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்கு எரிந்து தீர்ந்தது, அந்த இடத்துக்குத் தண்ணீர் வந்தது’ என்று சொல்லிவிடாதீர்கள். ஆக்சிஜன் தீர்வதற்கு முன்பே சுடர் அணைந்துவிடுகிறது. தண்ணீர் பெரும்பாலும் சுடர் அணைந்த பிறகே விறுவிறுவென்று ஏறும், ஏனென்றால் சூட்டில் விரிந்திருந்த காற்று ஆறிச் சுருங்குகிறது. ஒரு மெழுகுவத்திக்குப் பதில் மூன்று வைத்துப் பாருங்கள், தண்ணீர் இன்னும் உயரம் ஏறும். டம்ளருக்குள் உள்ள ஆக்சிஜன் மூன்று மடங்கு ஆகிவிட்டதா என்ன?

கொதிக்கும் தண்ணீர் உள்ள டின்னை மூடிக் குளிரவைத்து நசுக்கிக் காட்டும் சோதனையையும் தயவுசெய்து தவிர்க்கவும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், ஒரு பள்ளியில் காட்டப் போய், அடுப்பு எரியும்போதே அவசரத்தில் மூடியைத் திருகிவிட்டேன். ஒரு கிராம் தண்ணீர் ஆவியானால் ஒன்றரை லிட்டருக்கு மேல் இடம் கேட்கும் என்று கரும்பலகையில் நானே எழுதியிருந்தேன். மூடி கூரை ஓட்டில் போய் அடித்தது. என் இடது மணிக்கட்டில் இன்னும் ஒரு வெள்ளைத் தழும்பு இருக்கிறது. நல்லவேளை, முன்வரிசைப் பிள்ளைகளைத் தள்ளி உட்கார வைத்திருந்தேன்.

சுற்றுலா போகிற வழக்கம் உங்கள் பள்ளியில் உண்டா? உண்டென்றால் மாத்தூர் தொட்டிப்பாலத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சில செல்போன்களில் காற்றழுத்தத்தை அளக்கும் உணரி இருக்கும், ஆசிரியர்கள் யாரிடமாவது அப்படி ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். கீழே பறளியாற்றங்கரையில் நின்று ஓர் அளவு, படியேறிப் பாலத்தின் மேலே நின்று ஓர் அளவு. 115 அடி, ஏறக்குறைய 35 மீட்டர். காற்றழுத்தத்தை அளக்கும் அலகான ஹெக்டோபாஸ்கலில், ஆயிரத்துக்கு நான்கு குறைந்திருக்கும். அந்த 35 மீட்டர் காற்றுத் தூணும் 4 சென்டிமீட்டர் தண்ணீரும் ஒரே கனம், அதாவது கிட்டத்தட்ட உங்கள் பையன் டம்ளரில் மிச்சம் விட்ட தண்ணீர் அளவு. 1648-இல் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் இதையே செய்து பார்க்க நினைத்தார். தான் ஏறவில்லை, அக்காள் கணவரைப் பாதரசக் குழாயோடு மலையேற்றினார். மேலே போனதும் பாதரசம் எட்டு சென்டிமீட்டர் அளவுக்கு இறங்கியிருந்தது. உங்களுக்கு மலை வேண்டாம், பாலம் போதும். பள்ளியில் மாடி இருந்தால் அந்தப் படிக்கட்டிலேயே கடைசி இலக்கம் மாறுவதைப் பார்க்கலாம். பாலத்தின் மேல் பிள்ளைகள் வரிசையாகத்தான் போக வேண்டும், கைப்பிடிச் சுவரில் யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. இதை எழுதாமல் விட்டால் என் மனைவி என்னைத் திட்டுவாள்.

இந்தப் பாடத்தில் பிள்ளைகள் ‘காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்’ பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். ரேடியோவில் கேட்டே வளர்ந்தவர்கள். அழுத்தம் குறைந்த இடத்தை நோக்கிச் சுற்றியுள்ள காற்று தள்ளிக்கொண்டு வருகிறது, சிரிஞ்சில் பார்த்ததுதான் என்று சொன்னால் போதும். 2017 நவம்பர் 30-ஆம் தேதி குமரிக் கடலில் புயலான ஒக்கியை உதாரணமாகச் சொல்வதா வேண்டாமா என்பதை உங்கள் வகுப்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கடற்கரைப் பள்ளியில் அந்தப் பெயரைக் கேட்டதும் தலை குனியும் பிள்ளை ஒன்றாவது இருக்கும். நான் என்றால் வகுப்பில் தானாக எடுக்க மாட்டேன், பிள்ளைகள் எடுத்தால் மறைக்கவும் மாட்டேன்.

அதிகாரி வரும் அன்று மேசையில் இரண்டு டம்ளர் இருக்கட்டும், ஒன்று துளை இல்லாதது, ஒன்று துளை உள்ளது. பக்கத்தில் சிரிஞ்சு, கீழே ஒரு வாளி, வாளிக்கு அடியில் பழைய சாக்கு. முன்தினம் மூன்று தடவையாவது பழகிப் பாருங்கள். துளை டம்ளரைப் பிடிப்பது அந்தப் பையனாகவே இருக்கட்டும், விரலை எப்போது எடுப்பது என்பதும் அவன் இஷ்டம். நீங்கள் இரண்டடி தள்ளி நில்லுங்கள், சேலை நனையும்.